முதலில் மாத்திரை, அப்புறம் ஊசி, ஐவிஎஃப் கடைசியில்தான்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே விஷயம்: பிசிஓஎஸ் (சினைப்பையில் முட்டை வெடிக்காமல் நின்றுபோகும் ஹார்மோன் கோளாறு) என்று சொல்லிவிட்டார்கள், பிள்ளை வேண்டும், எங்கே ஆரம்பிப்பது? அதனால் மூட்டுவலிக்காரர்களும் தைராய்டுக்காரர்களும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன், எல்லாமே நம் தென்னாப்பிரிக்க ஊர்கள்தான். மாத்திரை அளவெல்லாம் எழுதியிருப்பது நீங்கள் உங்கள் டாக்டரிடம் விவரமாகப் பேசத்தான், சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கிப் போட அல்ல.

டாக்டர் அக்கா, எனக்கு 28 வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம். பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான், சில சமயம் மூன்று மாதம்கூட ஆகிவிடும். ஸ்கேனில் இரண்டு பக்கமும் சிறு சிறு கட்டிகள் என்று எழுதிக் கொடுத்தார்கள். கட்டியை எடுத்துவிட்டால் பிள்ளை தங்கும் என்கிறார் மாமியார். என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? (எனக்குத் தமிழ் எழுத வராது, அம்மா எழுதித் தருகிறார்.) — சாட்ஸ்வொர்த் வாசகி

ஆபரேஷன் வேண்டாம், மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மாதாமாதம் சினைப்பையில் பல ஃபாலிக்கிள்கள் வளரத் தொடங்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கருமுட்டை, அதில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு பெரிதாகி வெடித்து முட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ்ஸில் எல்லாமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன, அப்படி நின்றவைதான் ஸ்கேனில் ஓரமாகக் கறுப்பு கறுப்பாகத் தெரிகின்றன. ஆக உங்களுக்கு முட்டை இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது, வெடிக்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். பிள்ளைக்காக வருகிறவர்களிடம் நாங்கள் பார்க்கும் சிக்கல்களில் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் ரகம் இது.

மூன்று அடையாளங்களில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ் என்று சொல்கிறோம்: பீரியட்ஸ் ஒழுங்கில்லாதது, ஆண் ஹார்மோன் கூடியிருப்பது (ரத்தத்தில் தெரியலாம், அல்லது தாடையில் முடியும் பருவுமாக முகத்திலேயே தெரியலாம்), ஸ்கேனில் அந்தத் தோற்றம். 2003-ல் ராட்டர்டாமில் நிபுணர்கள் கூடி வகுத்தது இது. 2023 சர்வதேச வழிகாட்டியில் வயதுவந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதில் ஏஎம்எச் (முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக்கொண்டார்கள். உங்களுக்கு இரண்டு இருக்கிறது. ஆனாலும் அதோடு விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் என்ற பால் சுரப்பு ஹார்மோன் கூடினாலும் இதே மாதிரி நாள் தள்ளிப்போகும், அட்ரினல் சுரப்பியில் கோளாறு இருந்தாலும் இதே முடி, இதே பரு வரும். ஆகவே டிஎஸ்எச் (தைராய்டுக்கு), புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் (அட்ரினலுக்கு), இந்த நான்கும் வேண்டும். ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி, எச்ஐவி, சிஃபிலிஸ் ஆகியவற்றையும் அதே ரத்தத்திலேயே பார்த்துவிடலாம்.

அப்புறம் சர்க்கரை. நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் சர்க்கரை வியாதி எப்படி ஓடுகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பிசிஓஎஸ் அதற்கு மேலும் வழி வைக்கும். வெறும் வயிற்று சர்க்கரை மட்டும் பார்த்து நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள், நீங்கள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். குமட்டும், எலுமிச்சைச் சாறு பிழிந்து குடித்தால் இறங்கும்.

முட்டை வெடிக்கிறதா என்று பார்க்க '21-ம் நாள் புரோஜெஸ்டிரோன்' எழுதுவார்கள், முட்டை வெடித்த பிறகு கூடும் ஹார்மோன் அது. இதில் நிறையப் பேர் வீணாக அழுகிறார்கள். அந்த 21 என்பது 28 நாளுக்கு ஒரு முறை பீரியட்ஸ் வருகிறவர்களுக்கான கணக்கு, அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்னால் எடுக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். 45 நாள் சுழற்சிக்காரி 21-ம் நாள் ரத்தம் கொடுத்தால் முட்டை வெடிக்கவில்லை என்றுதான் ரிப்போர்ட் வரும், அவளுக்கு 38-ம் நாள் எடுக்க வேண்டும். ஃபார்மசியில் விற்கும் ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பும் அப்படித்தான், பிசிஓஎஸ்ஸில் அந்த ஸ்ட்ரிப் தேடும் எல்எச் ஹார்மோன் சாதாரணமாகவே கூடியிருப்பதால் இல்லாத முட்டைக்குக் கோடு காட்டும். காசைச் சேமித்து வையுங்கள்.

கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாருக்கும் முதல் நாளே தேவையில்லை. முன்பு இடுப்புத் தொற்று, குடல்வால் வெடித்தது, வயிற்று ஆபரேஷன் இப்படி ஏதாவது இருந்தால் முதலிலேயே எடுக்கலாம், இல்லையென்றால் சில மாதம் மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டு எடுப்பதும் உண்டு. பீரியட்ஸ் நின்ற கையோடு, முட்டை வெடிப்பதற்கு முன்னால் எடுப்பார்கள். சாயம் ஏற்றும் நேரத்தில் பீரியட்ஸ் வலியைப் போல இரண்டு மடங்கு பிடித்து இழுக்கும், சில நிமிடத்தில் விட்டுவிடும். ஒரு மணி நேரம் முன்னால் ஐபுபுரூஃபன் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'ஒரு வருஷம் முயற்சி செய்துவிட்டு வா' என்பது பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறவர்களுக்குச் சொல்வது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவர் வருஷத்துக்கு நாலு வாய்ப்பை வைத்துக்கொண்டு எதற்குக் காத்திருக்க வேண்டும்? இப்போதே போங்கள். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லையென்றால் உங்கள் பக்கத்து அரசு கிளினிக்கில் ரெஃபரல் கடிதம் வாங்கிக்கொண்டு ஆர்.கே. கான் மாதிரி மருத்துவமனைக்குப் போங்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கடைசி ஒரு வருஷத்து பீரியட்ஸ் தேதிகளையும் மறக்காமல் எடுத்துப் போனால் பாதி வேலை முடிந்தது.

குறை எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டதாம், பிறகு தான் எதற்கு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று கேட்கிறார் என் கணவர். அவருக்கு என்ன பதில் சொல்ல? — ஃபீனிக்ஸ் வாசகி

இந்தப் பக்கத்தை மடித்து அவர் டீ கப்புக்கு அடியில் வைத்துவிடுங்கள், நான் அவரிடமே பேசுகிறேன். தம்பி, உங்கள் மனைவிக்கு பிசிஓஎஸ் இருப்பதால் உங்களுக்கு எல்லாம் சரியாக இருக்கும் என்று யார் சொன்னது? இரண்டு பேருக்கும் சேர்ந்து குறை இருக்கும் தம்பதிகள் ஏராளம். அவள் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி, ஊசி குத்தி, எக்ஸ்ரே மேஜையில் படுத்து எழுந்த பிறகு உங்கள் விந்தணு குறைவு என்று தெரியவந்தால் அத்தனையும் வீண். இருக்கிற டெஸ்டுகளிலேயே வலியில்லாதது உங்களுடையதுதான்.

இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் உறவு இல்லாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். லேபிலேயே கொடுத்தால் நல்லது, வீட்டிலிருந்து கொண்டு போவதானால் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும், சாதாரண ஆணுறையில் பிடிக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி மில்லிலிட்டருக்கு 16 மில்லியன் அணுக்கள், அதில் 42 சதவீதம் அசைவு, 4 சதவீதம் ஒழுங்கான வடிவம் என்பவை கீழ் எல்லைகள். ஆமாம், 4 தான், 96 சதவீதம் கோணல் என்று ரிப்போர்ட் வந்தால் பயந்துவிடாதீர்கள். குறைவாக வந்தாலும் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டுவதில்லை, விந்தணு உருவாக ஏறக்குறைய மூன்று மாதம் ஆவதால் அந்த இடைவெளி விட்டு மறுபடி பார்ப்போம். ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுவிட்டிருந்தால் அதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், விந்தணு எண்ணிக்கையை அது பூஜ்யம் வரைக்கும்கூட இறக்கிவிடும்.

நாங்கள் திருச்சியிலிருந்து வேலைக்காக இங்கே வந்தவர்கள். இங்குள்ள டாக்டர் லெட்ரோசோல் எழுதிக் கொடுத்தார். உள்ளே இருந்த தாளைப் படித்தால் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்றும் கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்றும் போட்டிருக்கிறது. ஊரில் அக்காவுக்கு க்ளோமிஃபீன்தான் கொடுத்தார்கள். மாற்றிக் கேட்கலாமா? — மிட்ரண்ட் வாசகி

கேட்க வேண்டாம். அந்தத் தாளைப் படித்து மிரளாதவர்களை நான் பார்த்ததில்லை, படித்தது தப்பும் இல்லை. லெட்ரோசோல் புற்றுநோய் மருந்தாகத்தான் வந்தது, தயாரிப்பாளர்கள் அந்த உபயோகத்துக்குத்தான் பதிவு செய்திருக்கிறார்கள், தாளும் அதைத்தான் சொல்லும். அது செய்கிற வேலை ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்ச நாளைக்குக் குறைப்பது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளை பதறிப்போய் ஃபாலிக்கிளை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஹார்மோனைக் கூட்டி அனுப்பும், அதில் தூங்கிக்கொண்டிருந்த ஃபாலிக்கிள் ஒன்று எழுந்து வளரும். புற்றுநோய்க்கு வருஷக்கணக்கில் தினமும் சாப்பிடுவார்கள், உங்களுக்கு ஐந்தே நாள்.

2014-ல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் இரண்டு மருந்தையும் ஐந்து சுழற்சி வரை கொடுத்துப் பார்த்தார்கள். லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள், க்ளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதம். அதற்குப் பிறகு உலக வழிகாட்டிகள் எல்லாம் லெட்ரோசோலை முதலிடத்துக்குக் கொண்டு வந்துவிட்டன. க்ளோமிஃபீன் மோசமான மருந்து அல்ல, எத்தனையோ வீட்டில் தொட்டில் கட்ட வைத்திருக்கிறது, ஆனால் சிலருக்கு அது கருப்பையின் உள்படலத்தை மெலிய வைத்துவிடும், இரட்டைக் குழந்தை வாய்ப்பும் அதில் சற்றுக் கூடுதல். உங்கள் அக்கா காலத்தில் அதுதான் முதல் மருந்து.

குழந்தைக்கு ஊனம் வருமோ என்ற பயம் 2005-ல் ஒரு மாநாட்டில் படிக்கப்பட்ட சிறு ஆய்விலிருந்து கிளம்பியது, பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அது நிற்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை சாப்பிடுகிறீர்கள், இரண்டு நாளுக்கொரு முறை ரத்தத்தில் பாதியாகக் குறைந்துகொண்டே வரும் மருந்து அது, கரு வந்து ஒட்டும் நேரத்தில் பெரும்பாலும் வெளியேறியிருக்கும். கர்ப்பிணி சாப்பிடக் கூடாது என்பது மட்டும் உண்மை, அதனால் ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் ஒரு கர்ப்பப் பரிசோதனை. பீரியட்ஸே வரவில்லையென்றால் முதலில் சில நாள் புரோஜெஸ்டோஜன் மாத்திரை கொடுத்து வரவைத்துவிட்டுத் தொடங்குவார்கள்.

2.5 மில்லிகிராமில் ஆரம்பித்து, வெடிக்கவில்லையென்றால் அடுத்த சுழற்சியில் 5, அப்புறம் 7.5 என்று ஏற்றுவார்கள். முதல் முறையாவது ஸ்கேனில் பின்தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், ஃபாலிக்கிள் 18, 20 மில்லிமீட்டருக்கு வந்தால் வெடிக்கும் தறுவாய். அந்த நாள்களில் ஒன்று விட்டு ஒரு நாள் சேர்ந்தால் போதும், மணி பார்த்து மாத்திரை சாப்பிடுகிற மாதிரி கணவரை விரட்ட வேண்டாம். முட்டை வெடித்தும் ஆறு சுழற்சிக்குள் தங்கவில்லையென்றால் அங்கேயே சுற்றாமல் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

எனக்கு 36 வயது, 96 கிலோ. எடையைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் சிகிச்சை என்கிறார்கள். ஆறு மாதமாக வாராந்திர செமாக்ளூடைட் ஊசி போட்டு 7 கிலோ குறைந்திருக்கிறது, பீரியட்ஸும் வர ஆரம்பித்துவிட்டது. ஊசியைத் தொடரலாமா? — பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பிள்ளைக்கு முயற்சி செய்வதானால் நிறுத்த வேண்டும். செமாக்ளூடைட்டை, அதாவது ஓசெம்பிக் வகையறாவை, கரு உண்டாவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே விட்டுவிடச் சொல்கிறார்கள். பீரியட்ஸ் வருகிறது என்றால் முட்டை வெடிக்கவும் தொடங்கியிருக்கலாம், ஊசி போட்டுக்கொண்டே எதிர்பாராமல் உண்டாகிறவர்களும் உண்டு, அதனால் அந்த இரண்டு மாதமும் பாதுகாப்பு அவசியம். முகத்து முடிக்கு ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறீர்களா? அதையும் நிறுத்துவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

எடையில் 5 முதல் 10 சதவீதம் இறங்கினாலே பலருக்கு முட்டை வெடிக்கும். நீங்கள் இறக்கிய 7 கிலோ அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டது. 36 வயதுக்காரியை இன்னும் 20 கிலோ குறைத்துவிட்டு வா என்று வாசலில் நிறுத்துவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், தராசு இறங்குகிற அதே நேரத்தில் வயது ஏறிக்கொண்டிருக்கிறது. டெஸ்டுகளை இப்போதே முடிக்கச் சொல்லிக் கேளுங்கள், உங்கள் டாக்டர் மறுத்தால் இன்னொருவரைப் பாருங்கள். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது, அவர்களிடம் யாரும் எடையைப் பற்றி உபதேசம் செய்வதில்லை.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தனியாக அது லெட்ரோசோல் அளவுக்கு முட்டையை வெடிக்க வைக்காது, சர்க்கரை எல்லையில் இருப்பவர்களுக்கும் எடை கூடியவர்களுக்கும் சேர்த்துக் கொடுப்போம். முதல் இரண்டு வாரம் வயிற்றைக் கலக்கும், 500 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றினால், சாப்பாட்டோடு போட்டால், தாங்கும். சாப்பாட்டைப் பொறுத்தவரை சோற்றை விடு, ரொட்டியை விடு என்று பட்டியல் போட எனக்கு மனமில்லை, சுகர் பீன்ஸ் கறியும் பருப்பும் நம் வீட்டில் எப்போதும் இருக்கிறது, தட்டில் அது கூடட்டும் சோறு குறையட்டும். பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) தின்பதானால் கறியைத் தின்றுவிட்டு அந்தக் குடைந்த ரொட்டியை வீட்டுக்காரருக்குத் தள்ளிவிடுங்கள். கூல்ட்ரிங்க் மட்டும் அறவே வேண்டாம், 2018 ஏப்ரலிலிருந்து அரசாங்கம் சர்க்கரை பானத்துக்கு வரி போட்டும் நம் கல்யாண மேசையிலிருந்து அது இறங்கவில்லை. இன்னொன்று, இந்த நாட்டில் 2003-லிருந்து மீலி (மக்காச்சோள) மாவிலும் ரொட்டி மாவிலும் ஃபோலிக் ஆசிட் கலக்கிறார்கள், நல்ல ஏற்பாடு, ஆனாலும் மாத்திரையை விடக் கூடாது. பொதுவாக 400 மைக்ரோகிராம், உங்கள் எடைக்கு 5 மில்லிகிராம் எழுதுவார்கள்.

பிள்ளை வரத்துக்காகத் தைப்பூசக் காவடி எடுப்பதாக வேண்டியிருக்கிறேன். பத்து நாள் விரதம். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன், சிகிச்சையும் நடக்கிறது. காவடி எடுக்கலாமா? — டோங்காட் வாசகி

எடுங்கள், முருகன் குறுக்கே நிற்க மாட்டார். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை திடீரென்று விழுவது அரிது, ஒரு வேளை உணவு என்றால் மாத்திரையை அந்த வேளையோடு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேறு சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ சேர்ந்திருந்தால் கதை வேறு, டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்காதீர்கள். ஜனவரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நடப்பது யாருக்கும் நல்லதல்ல. ஒன்றே ஒன்றுக்குத்தான் கண்டிப்பு: மாத்திரையைத் தாண்டி ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் மாதமாக இருந்தால் சினைப்பை வீங்கியிருக்கும், திருகிக்கொள்ள வாய்ப்புண்டு, அந்த வருஷம் கனமான காவடி தூக்காமல் பால்குடத்தோடு நிறுத்துங்கள்.

லெட்ரோசோலை மூன்று அளவிலும் போட்டுப் பார்த்தாகிவிட்டது, முட்டை வெடிக்கவில்லை. நேராக ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் குழந்தை முறை) போகச் சொல்கிறார்கள். மெடிக்கல் எய்டில் கேட்டால் பிள்ளைப்பேறு சிகிச்சைக்கு எதுவும் கிடையாது என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். — லெனேசியா வாசகி

போனில் சொன்னதை நம்பாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். 1998 மருத்துவத் திட்டச் சட்டத்தின் கீழ் எந்தத் திட்டமும் கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சப் பலன்கள் உண்டு, பிஎம்பி என்பார்கள். அதில் 902எம் என்ற எண்ணில் குழந்தையின்மை இருக்கிறது. ஹார்மோன் ரத்தப் பரிசோதனைகள், கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவில் பார்ப்பது), ஹிஸ்டிரோஸ்கோபி (கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது), விந்தணுப் பரிசோதனை, முட்டை வெடிக்க வைக்கும் சிகிச்சை எல்லாம் அதில் அடங்கும். ஐவிஎஃப், இக்ஸி (ஒரு விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்துவது), விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்துவது ஆகியவை அடங்காது, அதை மட்டும் வைத்துக்கொண்டு 'எதுவும் கிடையாது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பில்லில் டாக்டர் போடும் ஐசிடி-10 எண்ணை (நோய்க்கான குறியீட்டு எண்) பாருங்கள், வெறும் இ28.2 என்றால் பிசிஓஎஸ் மட்டும், முட்டை வெடிக்காததால் குழந்தையின்மை என்பதற்கு என்97.0. அது இல்லாமல் போனால் திட்டத்தில் உள்ள உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். திட்டம் குறிப்பிட்ட டாக்டர்களிடம்தான் போக வேண்டும் என்று நிபந்தனை இருக்கலாம், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மறுத்தால் மருத்துவத் திட்டங்களுக்கான கவுன்சிலில் புகார் செய்யலாம். மருத்துவமனை கேஷ் பிளான் (ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று பணம் தரும் இன்சூரன்ஸ்) வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது, அது மெடிக்கல் எய்டே இல்லை.

இனி சிகிச்சை. லெட்ரோசோலுக்கும் ஐவிஎஃபுக்கும் நடுவில் இரண்டு படி இருக்கிறது. எஃப்எஸ்எச் ஊசியைச் சிறு அளவில் தினமும் போட்டு அடிக்கடி ஸ்கேன் பார்ப்பது ஒன்று. பொறுமையாக ஏற்றினால் ஒரு முட்டை, அவசரப்பட்டால் நாலு முட்டை, அப்போது அந்த மாதத்தைக் கைவிடச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், மூன்று குழந்தை ஒரே வயிற்றில் என்பது படத்தில் பார்க்கத்தான் அழகு. இன்னொன்று லேப்ராஸ்கோபி வழியாகச் சினைப்பையில் சில புள்ளிகளைச் சுடும் ட்ரில்லிங். மயக்க மருந்தும் செலவும் உண்டு, பின்னால் தழும்பு ஒட்டுவதும் அதிகமாகச் சுட்டால் முட்டைக் கையிருப்பு குறைவதும் உண்டு, வேறு காரணத்துக்காக லேப்ராஸ்கோபி செய்ய நேர்ந்தால் அப்போது யோசிக்கலாம் என்பது என் எண்ணம். குழாய் இரண்டும் அடைத்திருந்தால், விந்தணு மிகக் குறைவென்றால், வயது 38, 39 என்றால், இந்தப் படிகளைத் தாண்டி நேராக ஐவிஎஃப் போவது சரி. உங்கள் வயதை எழுதவில்லையே!

ஐவிஎஃபில் பிசிஓஎஸ்காரிக்குப் பயப்பட வேண்டியது தோல்வியைவிட அதிகப்படியான முட்டை. சினைப்பை அளவு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோத்து மூச்சு முட்டும் அளவுக்குப் போகலாம். தவிர்க்க வழி இருக்கிறது: ஆன்டகனிஸ்ட் முறையில் (முட்டை முந்தி வெடிக்காமல் தடுக்கும் மருந்தோடு) தூண்டி, முட்டையைப் பழுக்க வைக்கும் கடைசி ஊசியாக எச்சிஜி ஹார்மோனுக்குப் பதில் அகோனிஸ்ட் மருந்து கொடுத்து, கருக்களை உறைய வைத்துப் பின்னொரு மாதத்தில் கருப்பையில் வைப்பது. 2016-ல் சீனாவில் பிசிஓஎஸ் உள்ள 1508 பெண்களிடம் செய்த ஆய்வில் உறைய வைத்த கரு வைத்தவர்களில் 49.3 சதவீதம் பேருக்கும் உடனே வைத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது, அந்த வீக்கமோ 7.1 சதவீதத்திலிருந்து 1.3 ஆக இறங்கியது. 'எனக்கு எந்த முறையில் தூண்டுவீர்கள், எல்லாக் கருவையும் உறைய வைப்பீர்களா' என்று கேளுங்கள், சரியாகப் பதில் வராவிட்டால் பணத்தைக் கட்டாதீர்கள். செலவு மலைப்பாக இருந்தால் பிரிட்டோரியாவின் ஸ்டீவ் பிக்கோ, கேப் டவுனின் க்ரூட் ஸ்கூர், டைகர்பர்க் ஆகிய அரசு மருத்துவமனைகளில் தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் ஐவிஎஃப் நடக்கிறது. லெனேசியாவிலிருந்து பிரிட்டோரியா போய்வரும் தூரம்தானே.

என் மகளுக்கு 16 வயது. வயதுக்கு வந்து மூன்று வருஷம், இன்னும் நாள் ஒழுங்கில்லை, முகமெல்லாம் பரு. டாக்டர் கருத்தடை மாத்திரை கொடுத்திருக்கிறார். கல்யாணத்துக்கு அப்புறம் பிள்ளை பிறக்காமல் போய்விடாதா? — மெரிபேங்க் வாசகி

போகாது அம்மா. அந்த மாத்திரை முட்டையைத் தூங்க வைக்குமே தவிர அழிக்காது, நிறுத்தினால் பழையபடி திரும்பிவிடும். அது போடுவதில் ஒரு நன்மையும் உண்டு, மாதக்கணக்கில் பீரியட்ஸ் வராமல் கருப்பைப் படலம் தடித்துக்கொண்டே போவது பின்னாளில் புற்றுநோய்க்கு வழி வைக்கும், அதை இது தடுக்கிறது. மகளுக்கு ஒற்றைத் தலைவலியோ குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்த வரலாறோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றுவார்.

ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டரை வற்புறுத்தாதீர்கள், வயதுக்கு வந்து எட்டு வருஷம் ஆகும்வரை நல்ல ஆரோக்கியமான பெண்களுக்கும் சினைப்பை அப்படித்தான் தெரியும் என்பதால் இந்த வயதில் அதை வைத்து பிசிஓஎஸ் முத்திரை குத்துவதில்லை. அதற்குப் பதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல வேண்டுமா என்றும் ஓரத்தில் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள், 16 வயதில் அந்தக் கேள்விக்கு இந்தப் பக்கத்தில் இடம் கிடையாது.